குறித்த காலத்துக்கு முன்பே ஓயும் சினைப்பை: இயற்கை வைத்தியங்களின் கதை

1902ம் ஆண்டு. நியூயார்க் நகரத்தில் ராபர்ட் டட்டில் மோரிஸ் என்ற அறுவை சிகிச்சை நிபுணரிடம் ஒரு இளம்பெண் வந்தார். இருபதை ஒட்டிய வயது. ஆனால் மாதவிடாய் நின்று போயிருந்தது. ஐம்பது வயதில் வர வேண்டியது இருபதிலேயே வந்துவிட்டது. மோரிஸ் வேறொரு பெண்ணின் சினைப்பையிலிருந்து சிறு துண்டுகளை எடுத்து இவருக்குள் வைத்துத் தைத்தார். சில மாதங்களில் மாதவிடாய் திரும்பியது. 1906ல் அந்தப் பெண் உயிருள்ள குழந்தையைப் பெற்றெடுத்தார். மோரிஸ் அதை மருத்துவ இதழில் வெளியிட்டார். அன்றைய மருத்துவ உலகம் வியந்து போனது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒருவர் உடலின் திசுவை இன்னொருவர் உடலில் வைத்தால், நோய் எதிர்ப்பு மண்டலம் அதை எதிரி என்று நினைத்து அழித்துவிடும். பீட்டர் மெடவார் இதைத் தெளிவாக நிரூபித்தது 1940களில்தான். நிராகரிப்பைத் தடுக்கும் மருந்து எதுவும் 1902ல் கிடையாது. அப்படியானால் வைத்துத் தைத்த துண்டுகள் சில வாரங்களிலேயே செத்திருக்க வேண்டும். பிறகு அந்தக் குழந்தை எந்த முட்டையிலிருந்து வந்தது?

இன்றைய மருத்துவர்கள் பெரும்பாலும் சொல்லும் பதில் இதுதான்: அந்தப் பெண்ணின் சொந்த முட்டையாகத்தான் இருக்க வேண்டும். ஓய்ந்துவிட்டது என்று எல்லோரும் முடிவு கட்டிய சினைப்பை நடுவில் ஒருமுறை தானாகவே விழித்துக் கொண்டிருக்கிறது. பாராட்டு மட்டும் மோரிஸின் கத்திக்குப் போய்விட்டது.

கணக்கியல் படித்தவர்கள் இதை எளிதாகப் புரிந்து கொள்ளலாம். வரவு உண்மைதான். ஆனால் தவறான கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. கடந்த நூற்று முப்பது ஆண்டுகளாக இந்தப் பிரச்சினைக்கு வந்து போன "இயற்கை" வைத்தியங்களில் பெரும்பாலானவற்றின் கதை இதேதான்.

பிரச்சினை என்ன?

ஆண்களுக்கு உயிரணுக்கள் தினமும் புதிதாக உற்பத்தியாகின்றன. பெண்களுக்கு அப்படி இல்லை. ஒரு பெண் குழந்தை தாயின் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருக்கும்போது அதன் சினைப்பைகளில் கிட்டத்தட்ட 70 லட்சம் முட்டை அணுக்கள் இருக்கும். பிறக்கும்போது அது சுமார் 20 லட்சமாகக் குறைந்துவிடும். டி.ஜி. பேக்கர் என்ற ஆய்வாளர் 1963ல் எண்ணிச் சொன்ன கணக்கு இது. அதன் பிறகு எடுப்பது மட்டும்தான், போடுவது கிடையாது. புதிதாகப் பணம் கட்ட முடியாத ஒரு வங்கிக் கணக்கு என்று வைத்துக் கொள்ளலாம். சராசரியாக ஐம்பது வயதில் இருப்பு தீர்ந்து மாதவிடாய் நிற்கிறது.

சிலருக்கு இந்த நிலை நாற்பது வயதுக்கு முன்பே வந்துவிடுகிறது. இருப்பு ஆரம்பத்திலேயே குறைவாக இருந்திருக்கலாம். வேகமாகச் செலவழிந்திருக்கலாம். அல்லது இருப்பு இருந்தும் எடுக்க முடியாமல் முடங்கிப் போயிருக்கலாம். எக்ஸ் குரோமோசோம் குறைபாடு, எஃப்.எம்.ஆர்.1 என்ற மரபணுவில் மாற்றம், உடலே தன் சினைப்பையைத் தாக்கும் நிலை, புற்றுநோய்க்கான கீமோதெரபி, கதிர்வீச்சு, அறுவை சிகிச்சை என்று காரணங்கள் பல. பலருக்குக் காரணமே தெரியாது.

மூளைக்குக் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனை அனுப்பி சினைப்பையை வேலை செய்யச் சொல்கிறது. சினைப்பையிலிருந்து ஈஸ்ட்ரோஜன் வந்தால் பிட்யூட்டரி குரலைத் தாழ்த்திக் கொள்ளும். பதில் வராவிட்டால் மேலும் மேலும் உரக்கக் கத்தும். அதனால்தான் ரத்தப் பரிசோதனையில் எஃப்.எஸ்.எச். அளவு எகிறிக் கிடக்கிறது. நான்கு மாதமாவது மாதவிடாய் வராமலோ ஒழுங்கின்றியோ இருந்து, எஃப்.எஸ்.எச். 25க்கு மேல் போனால் இந்த நோய் என்று முடிவு செய்யலாம் என்பது 2024ல் புதுப்பிக்கப்பட்ட சர்வதேச வழிகாட்டுதல். நூறு பெண்களில் ஒருவருக்கு இது வரும் என்று நீண்ட காலம் சொல்லி வந்தார்கள். புதிய வழிகாட்டுதலில் அது 3.5 சதவீதம் ஆகியிருக்கிறது. அரிதான நோய் என்று ஒதுக்க முடியாது.

பெயரில் என்ன இருக்கிறது?

1942ல் அமெரிக்காவின் ஃபுல்லர் ஆல்பிரைட் தன் குழுவினருடன் இந்த வகை நோயாளிகளைப் பற்றி எழுதியபோது "முதன்மை சினைப்பைப் பற்றாக்குறை" என்ற பொருள்படும் சொல்லைப் பயன்படுத்தினார். பிரச்சினை பிட்யூட்டரியில் இல்லை, சினைப்பையிலேயே இருக்கிறது என்று காட்டுவதற்காக வைத்த பெயர் அது. ஆனால் 1960களின் பிற்பகுதியில் "முன்கூட்டிய சினைப்பை செயலிழப்பு" என்ற பெயர் வழக்கத்துக்கு வந்து, அதுவே நிலைத்துவிட்டது.

செயலிழப்பு என்றால் கதை முடிந்தது என்று அர்த்தம். இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம் ஒரு மருத்துவர் அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவருக்கு எப்படி இருந்திருக்கும்? 2005ல் அமெரிக்காவில் இந்த நோயுள்ள 100 பெண்களிடம் விசாரித்தார்கள். செய்தி சொல்லப்பட்ட விதத்தில் திருப்தி இல்லை என்று பத்தில் ஏழு பேர் சொன்னார்கள்.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய லாரன்ஸ் நெல்சன் போன்றவர்கள் ஆல்பிரைட்டின் பழைய சொல்லையே மீட்டெடுக்க வேண்டும் என்று வாதாடினார்கள். இன்றைக்கு மருத்துவ இதழ்களில் "பற்றாக்குறை" என்ற பெயர்தான் புழங்குகிறது. இது வெறும் மரியாதைக்கான மாற்றம் அல்ல. இந்தச் சினைப்பை முற்றிலும் செத்துப் போகவில்லை, விட்டு விட்டு வேலை செய்கிறது என்ற உண்மை அந்தப் பெயருக்குள் இருக்கிறது. வைத்தியங்களின் கதையைப் புரிந்து கொள்ள இந்த ஒரு உண்மையை நினைவில் வைத்துக் கொண்டால் போதும்.

ஆட்டுச் சினைப்பை மாத்திரை

கதையின் தொடக்கம் 1889, பாரீஸ் நகரம். சார்லஸ் எட்வர்ட் பிரௌன்-செக்கார் என்ற புகழ்பெற்ற உடலியல் அறிஞர், வயது 72. நாய் மற்றும் கினிப் பன்றிகளின் விரைகளிலிருந்து சாறு எடுத்துத் தனக்குத் தானே ஊசி போட்டுக் கொண்டார். இளமை திரும்பிவிட்டது, சோர்வு போய்விட்டது என்று அறிஞர் சபையில் அறிவித்தார். உலகமே பரபரப்பானது. 2002ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அவருடைய முறைப்படியே சாறு தயாரித்துச் சோதித்தார்கள். உடலில் மாற்றம் உண்டாக்கும் அளவுக்கு ஆண் ஹார்மோன் அதில் இல்லை. கிழவர் உணர்ந்த இளமை மனம் செய்த வேலை.

அவர் தப்பாகச் சொல்லியிருந்தாலும், இரண்டே ஆண்டில் அந்த யோசனைக்கு ஒரு நிஜ வெற்றி கிடைத்துவிட்டது. 1891ல் இங்கிலாந்தின் ஜார்ஜ் மரே, தைராய்டு வேலை செய்யாத ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டு சாறு கொடுத்தார். அந்தப் பெண் பிழைத்து, அதற்குப் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்தார். எந்த உறுப்பு பழுதோ அந்த உறுப்பைச் சாப்பிடு என்ற எண்ணம் மருத்துவர்களிடையே வேரூன்றியது.

அப்படித்தான் 1896 வாக்கில் பெர்லின், வியன்னா போன்ற நகரங்களில் விலங்குகளின் சினைப்பையைக் காயவைத்துப் பொடி செய்து பெண்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அப்போது இதற்குத் தேவையும் இருந்தது. 1872ல் அமெரிக்காவின் ராபர்ட் பேட்டி தொடங்கி வைத்த ஒரு பழக்கத்தால், வலி, வலிப்பு, மனக்கலக்கம் என்று எதற்கெடுத்தாலும் இளம்பெண்களின் நல்ல சினைப்பைகளை வெட்டி எடுத்துக் கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்கள் திடீரென்று முதுமையின் தொல்லைகளில் விழுந்தார்கள். எடுத்தவர்களே பொடியையும் கொடுத்தார்கள்.

பொடி வேலை செய்ததா? தைராய்டு தன் ஹார்மோனைச் சேமித்து வைக்கும் சுரப்பி. சினைப்பை அப்படி இல்லை. அன்றன்றைக்குத் தயாரித்து அன்றன்றைக்கு ரத்தத்தில் விட்டுவிடும். இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று பிறகுதான் தெரிந்தது. 1930களின் நடுவில் எட்வர்ட் டாய்சியின் குழு பன்றிகளின் சினைப்பைகளிலிருந்து எஸ்ட்ராடியோல் ஹார்மோனைப் பிரித்தெடுத்தது. சுமார் 4 டன் சினைப்பையிலிருந்து கிடைத்தது சுமார் 12 மில்லிகிராம்! இன்று ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சாதாரணமாகக் கொடுக்கப்படும் மாத்திரையின் அளவு 2 மில்லிகிராம். பிரித்தெடுக்கும்போது வீணாகும் அளவை விட்டுவிட்டுப் பார்த்தாலும், ஒரு மாத்திரைக்கு அறுநூறு கிலோவுக்கு மேல் சினைப்பை வேண்டும். ஒரு சிட்டிகைப் பொடி என்ன செய்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எலிகளின் வைட்டமின்

1922ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஹெர்பர்ட் எவன்ஸ், கேத்தரின் பிஷப் இருவரும் எலிகளுக்கு ஒரு குறிப்பிட்ட உணவை மட்டும் கொடுத்து வளர்த்தார்கள். எலிகள் நன்றாக வளர்ந்தன, ஆனால் குட்டி போடவில்லை. லெட்யூஸ் கீரையைச் சேர்த்ததும் குட்டி போட்டன. பிறகு கோதுமை முளையிலும் அந்தச் சத்து இருப்பது தெரிந்தது. அதுதான் வைட்டமின் ஈ. அதன் வேதியியல் பெயரான டோகோஃபெரால் கூட "பிள்ளைப் பேற்றைத் தருவது" என்ற பொருளுள்ள கிரேக்கச் சொற்களிலிருந்து பிறந்ததுதான்.

பெயரிலேயே விளம்பரம் இருக்கும்போது கேட்கவா வேண்டும்? கருத்தரிப்புக்கு வைட்டமின் ஈ என்ற நம்பிக்கை இன்றுவரை தொடர்கிறது. ஆனால் அந்தச் சோதனையைக் கவனமாகப் படித்தால் ஒன்று புரியும். வைட்டமின் இல்லாத பெண் எலிகளின் சினைப்பை கெடவே இல்லை. முட்டை வந்தது, கருவும் தரித்தது. கரு வளரும்போதுதான் செத்து, உடலுக்குள்ளேயே கரைந்து போனது. முட்டை தீர்ந்து போவது என்ற பிரச்சினைக்கும் அந்தக் கண்டுபிடிப்புக்கும் சம்பந்தமே இல்லை.

வள்ளிக்கிழங்கும் தீவனப் புல்லும்

அடுத்த கதை மெக்சிகோவில். புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன் 1940களின் தொடக்கத்தில் தங்கத்தை விட விலை உயர்ந்த பொருள். ரசல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் மெக்சிகோவின் காடுகளில் விளையும் ஒருவகைப் பெரிய வள்ளிக்கிழங்கைத் தேடிப் போனார். அதில் டயோஸ்ஜெனின் என்ற பொருள் இருந்தது. அதிலிருந்து பல வேதியியல் படிகளைக் கடந்து கிலோ கணக்கில் புரோஜெஸ்ட்ரோன் தயாரித்தார். 1944ல் மெக்சிகோ சிட்டியில் சின்டெக்ஸ் நிறுவனம் உருவானதும், பிற்பாடு கருத்தடை மாத்திரை மலிவாகக் கிடைத்ததும் இந்தக் கிழங்கால்தான்.

இந்த உண்மை வரலாறு பிற்பாடு ஒரு வியாபாரத்துக்கு விதையானது. காட்டு வள்ளிக்கிழங்கில் இயற்கை புரோஜெஸ்ட்ரோன் இருக்கிறது, அதைத் தின்றால், களிம்பாகத் தடவினால் ஹார்மோன் கூடும் என்று விற்கத் தொடங்கினார்கள். ஆனால் மார்க்கரின் சோதனைச் சாலையில் நடந்த அந்த மாற்றத்தைச் செய்யும் என்சைம்கள் மனித உடலில் இல்லை. இரும்புத் தாதுவை விழுங்கினால் வயிற்றில் ஆணி உற்பத்தியாகும் என்று சொல்வதைப் போன்றதுதான் இது.

தாவரங்களில் ஈஸ்ட்ரோஜன் போன்ற பொருட்கள் இல்லவே இல்லையா? இருக்கின்றன. அவை பெரிய அளவில் வெளிச்சத்துக்கு வந்த சம்பவம் ரொம்பவே வேடிக்கையானது. 1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒருவகைக் குளோவர் தீவனப் புல்லை மேய்ந்த ஆடுகள் கூட்டம் கூட்டமாக மலடாயின. 1946ல் பென்னட்ஸ் என்பவரும் சகாக்களும் அதைப் பற்றி எழுதினார்கள். புல்லில் இருந்த ஈஸ்ட்ரோஜன் போன்ற பொருட்களே காரணம் என்று பிறகு தெரிந்தது. இயற்கை ஈஸ்ட்ரோஜன் அந்த ஆடுகளின் கருத்தரிக்கும் திறனைக் கெடுத்தது! சாப்பாட்டில் சோயா சேர்ப்பதால் மனிதர்களுக்கு அப்படி ஆகும் என்று இதற்கு அர்த்தமில்லை. இயற்கையானது என்பதாலேயே ஒன்று நம் பக்கம்தான் நிற்கும் என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

கன்னியாஸ்திரிகளின் கொடை

இயற்கையான பொருளிலிருந்து உண்மையிலேயே குழந்தை பிறந்த கதையும் உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களின் பிட்யூட்டரி உரக்கக் கத்தும் என்று மேலே பார்த்தது நினைவிருக்கலாம். அந்த ஹார்மோன் சிறுநீரில் வெளியேறும். இத்தாலியின் செரோனோ நிறுவனத்தில் பியரோ டோனினி 1949ல் அதைப் பிரித்தெடுத்தார். புரூனோ லுனன்ஃபெல்ட் என்ற மருத்துவர் அதைக் கொண்டு சிகிச்சை செய்ய விரும்பினார். ஆனால் ஆயிரக்கணக்கான லிட்டர் சிறுநீருக்கு எங்கே போவது? மாதவிடாய் நின்றவர்கள் ஒரே இடத்தில் வசிக்க வேண்டும், கர்ப்பிணியாக இருக்கவே கூடாது. இத்தாலிய மடங்களில் இருந்த முதிய கன்னியாஸ்திரிகள் உதவினார்கள். 1962ல் இஸ்ரேலில் இந்த மருந்தால் முதல் குழந்தை பிறந்தது.

யாருக்குப் பிறந்தது என்பதுதான் முக்கியம். சினைப்பை நன்றாக இருந்து, பிட்யூட்டரி ஊமையாக இருந்த பெண்களுக்கு இந்த மருந்து வரமாக அமைந்தது. சினைப்பை ஓய்ந்த பெண்களுக்கோ அந்த ஹார்மோன் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் ஊசியில் ஏற்றி என்ன பயன்? ஓய்ந்த சினைப்பையின் அடையாளமாக உடலில் ஊறும் பொருள் மற்ற எல்லோருக்கும் உதவியது, ஓய்ந்த சினைப்பைக்கு மட்டும் உதவவில்லை.

ஐந்து சதவீதத்தின் கணக்கு

அப்படியானால் "இதைச் சாப்பிட்டேன், குழந்தை பிறந்தது" என்று சொல்பவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்களா? இல்லை. அவர்கள் சொல்வது நிஜம். இங்கேதான் மோரிஸின் கதை திரும்ப வருகிறது.

1999ல் நெதர்லாந்தின் வான் காஸ்டெரன், ஸ்கூமேக்கர் இருவரும் இந்த நோய்க்கு அதுவரை முயன்று பார்க்கப்பட்ட சிகிச்சைகளைப் பற்றிய ஆய்வுகளை எல்லாம் தேடி எடுத்து ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு வைத்து ஒழுங்காக நடத்தப்பட்ட ஆய்வுகளில் எந்த சிகிச்சையும் மற்றதை விட மேலாக இல்லை. ஆனால் எந்த சிகிச்சை எடுத்தாலும், எடுக்காவிட்டாலும், இந்தப் பெண்களில் 5 முதல் 10 சதவீதம் பேர் தானாகக் கருத்தரித்திருந்தார்கள்.

2011ல் பிரான்சில் வெளிவந்த ஆய்வும் இதையே சொன்னது. 358 பெண்களைப் பின்தொடர்ந்தார்கள். கிட்டத்தட்ட நான்கில் ஒருவருக்கு சினைப்பை இடையில் விழித்ததற்கான அறிகுறிகள் தெரிந்தன. 15 பேர் இயற்கையாகக் கருத்தரித்தார்கள்.

இப்போது ஒரு வியாபாரக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒருவர் ஏதோ ஒரு வேரை அரைத்து உருண்டையாக்கி இந்த நோயுள்ள 1000 பெண்களுக்கு விற்கிறார். உருண்டையில் ஒன்றுமே இல்லை, வெறும் மாவு. ஆனாலும் அவர்களில் ஏறக்குறைய 50 பேருக்கு என்றாவது ஒருநாள் கரு தரிக்கும். அந்த 50 பேரும் மனமார நன்றிக் கடிதம் எழுதுவார்கள், கைக்குழந்தையோடு படம் அனுப்புவார்கள். மீதி 950 பேர் எதுவும் எழுத மாட்டார்கள். தோல்வியை யார் ஊருக்குச் சொல்வார்கள்? தாங்கள்தான் பத்தியத்தைச் சரியாகக் கடைப்பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று தங்களையே நொந்து கொள்வார்கள். ஐம்பது நன்றிக் கடிதம் வைத்திருப்பவரை மோசடிக்காரர் என்று அவரே கூட நினைக்க மாட்டார். அதனால்தான் மோரிஸைப் போன்ற நேர்மையான மருத்துவர்களே இதில் ஏமாந்தார்கள்.

ஒப்பீட்டுக் குழு ஏன் அவசியம் என்பதற்கு இதை விடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம். தானாகவே சில சமயம் சரியாகும் எந்த நோயிலும், ஒன்றும் கொடுக்காதவர்களையும் எண்ணினால்தான் மருந்தின் மதிப்பு தெரியும்.

புதிய பெயர்களில்

21ம் நூற்றாண்டிலும் கதை மாறிவிடவில்லை. டி.எச்.ஈ.ஏ. என்ற மாத்திரை அமெரிக்காவில் சத்து மாத்திரையாகக் கடையிலேயே கிடைக்கிறது. இது அட்ரீனல் சுரப்பியில் இயற்கையாகச் சுரக்கும் பொருள்தான். அதைத் தயாரிக்கப் பயன்படும் மூலப் பொருட்களில் ஒன்று மார்க்கரின் அதே டயோஸ்ஜெனின்! 2013ல் ஹாங்காங்கில் சினைப்பைப் பற்றாக்குறை உள்ள 22 பெண்களை வைத்து, போலி மாத்திரையோடு ஒப்பிட்டு ஒரு சிறு ஆய்வு நடந்தது. முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். அளவு கூடவில்லை.

பெண்ணின் சொந்த ரத்தத்திலிருந்து தட்டணுக்கள் செறிந்த திரவத்தைப் பிரித்து சினைப்பையில் ஊசியாகப் போடும் முறையும் "இயற்கை" என்ற பெயரோடுதான் விற்கப்படுகிறது. ஆராய்ச்சிக்கு வெளியே இதைச் செய்ய வேண்டாம் என்பதே நிபுணர்களின் நிலை. ஜப்பானின் கவாமுராவும் குழுவினரும் சினைப்பையை வெளியே எடுத்து, துண்டாக்கி, தூண்டிவிட்டு, திரும்ப வைக்கும் முறையை 2013ல் வெளியிட்டார்கள். 27 பெண்களில் அப்போது ஒருவருக்குக் குழந்தை பிறந்திருந்தது. தூங்கும் முட்டைகளை எழுப்பலாம் என்ற நம்பிக்கையை அது தந்தது. ஆனாலும் 27ல் ஒன்று என்பதை அந்த ஐந்து சதவீதத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் முடிவு கட்ட முடியாது.

நிஜமான வரவு

உண்மையான திருப்பம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. சினைப்பை ஓய்ந்தாலும் கருப்பை ஓய்வதில்லை. மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழு, சினைப்பை ஓய்ந்த 25 வயதுப் பெண் ஒருவருக்கு மாத்திரை வழியாக ஈஸ்ட்ரோஜனும் பிறகு புரோஜெஸ்ட்ரோனும் கொடுத்துக் கருப்பையைத் தயார் செய்தது. வேறொரு பெண் தானமாகக் கொடுத்த முட்டையில் உருவான கருவை அதில் வைத்தது. குழந்தை பிறந்தது. 1984ல் நேச்சர் இதழில் இது வெளியானது. இன்றுவரை இந்த நோயுள்ளவர்களுக்கு அதிக வெற்றி தரும் வழி தானமாகப் பெறும் முட்டைதான். அது எல்லோருக்கும் மனம் ஒப்பும் வழி அல்ல என்பதும் உண்மை.

மோரிஸின் கனவும் ஒருவகையில் நிறைவேறியது. 2004ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஷெர்மன் சில்பர் ஒரு சகோதரியின் சினைப்பைத் திசுவை இன்னொரு சகோதரிக்கு வைத்தார். இருவரும் ஒரே முட்டையிலிருந்து பிறந்த 24 வயது இரட்டையர்கள். ஒருவருக்கு 14 வயதிலேயே சினைப்பை ஓய்ந்திருந்தது. மரபணு ஒன்றே என்பதால் உடல் திசுவை நிராகரிக்கவில்லை. 2005ல் குழந்தை பிறந்தது. மோரிஸ் செய்ததாக நினைத்த காரியம் உண்மையாக நடக்க நூறு ஆண்டுகள் ஆயின.

இயற்கை வழியில் என்னதான் செய்யலாம்?

ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. புகைபிடிப்பவர்களுக்கு மாதவிடாய் ஓரிரு ஆண்டுகள் முன்னதாகவே நிற்கிறது. அதனால் புகையை விடுவது நல்லது, போன முட்டைகள் திரும்பி வராது என்றாலும். உடற்பயிற்சி, கால்சியம், வைட்டமின் டி, நல்ல சாப்பாடு ஆகியவை எலும்பைக் காக்கும். அந்த ஐந்து சதவீத வாய்ப்பும் இயற்கை தருவதுதான். அதற்கு விலை எதுவும் இல்லை.

கவனிக்க வேண்டிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இளம் வயதில் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் போனால் எலும்பு தேயும், இதயம் பாதிக்கப்படும். அதனால் இயற்கையாக மாதவிடாய் நிற்கும் வயதான சுமார் ஐம்பது வரை, எடுக்கக் கூடாத காரணம் இருந்தாலன்றி, ஹார்மோன் மாத்திரை எடுக்க வேண்டும் என்பது இன்றைய மருத்துவ நிலை. 2002ல் அமெரிக்காவின் ஒரு பெரிய ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டதிலிருந்து ஹார்மோன் என்றாலே பயம். அந்த ஆய்வில் இருந்தவர்கள் 50 முதல் 79 வயதுப் பெண்கள். அவர்களுக்கான எச்சரிக்கையை 25 வயதுப் பெண்ணுக்குப் பொருத்துவது சரியல்ல. ஹார்மோன் எடுத்தால் தானாகக் கருத்தரிக்கும் வாய்ப்பு போய்விடும் என்ற பயமும் வேண்டாம். மாற்று ஹார்மோன் கருத்தடை மாத்திரை அல்ல, அதை எடுத்துக் கொண்டிருக்கும்போதே கருத்தரித்தவர்கள் உண்டு.

ஆகவே வேர், உருண்டை, களிம்பு என்று ஒரு பெண் ஐந்து வருடத்தைக் கழித்தால், போவது பணம் மட்டும் அல்ல. அந்த ஐந்து வருடத்து எலும்பு போகிறது. காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய பரிசோதனைகள் தள்ளிப் போகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, பலிக்காதபோது பழி அவர் தலையில் விழுகிறது. மனதைத் தளர விட்டாய், உடம்பைப் பார்த்துக் கொள்ளவில்லை, பத்தியம் தவறினாய் என்று சொல்ல வீட்டிலேயே ஆட்கள் இருப்பார்கள்.

அந்தப் பழிக்கு ஆதாரம் இல்லை என்பதைத்தான் இந்த வரலாறு காட்டுகிறது. பலித்தவர்களுக்கு மருந்தால் பலிக்கவில்லை. அப்படியானால் பலிக்காதவர்களுக்கு அவர்கள் குறையால் பலிக்காமல் போகவும் இல்லை. வரவைத் தவறான கணக்கில் எழுதியது போதும். நஷ்டத்தையும் அந்தப் பெண்ணின் கணக்கில் எழுத வேண்டாம்.